ஏரிக்கரையில் வாலாட்டும் அந்தப் பறவை எது? உள்ளான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் என் கைப்பேசிக்கு ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கும். ஏரிக்கரை, கோயில் குளத்துப் படி, கழிவுநீர்க் கால்வாயின் ஓரம், மீன்பிடித் துறைமுகக் கல். நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு. கூடவே ஒரு வரி: "இது என்ன குருவி? வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு." பெரும்பாலும் பதில் ஒன்றுதான், உள்ளான். வருடாவருடம் தட்டச்சு செய்து கை வலித்ததால், கேட்கப்பட்டவற்றையெல்லாம் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உள்ளான் என்பது ஒரே பறவையா, பல பறவைகளுக்கான பொதுப் பெயரா?

இரண்டும்தான், குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். நீர்க்கரையில் நடந்து இரை தேடும் சிறு பறவைகள் பலவற்றுக்குத் தமிழில் உள்ளான் என்ற வால்பெயர் உண்டு: கொசு உள்ளான், பொறி உள்ளான், நெடுங்கால் உள்ளான், மயில் உள்ளான், விசிறிவால் உள்ளான். இவற்றில் நெடுங்கால் உள்ளானும் மயில் உள்ளானும் மற்றவற்றின் குடும்பத்தைக்கூடச் சேர்ந்தவை அல்ல. துப்பாக்கி வைத்திருந்த தாத்தாக்கள் உள்ளான் என்று சொன்னது நீள மூக்குள்ள விசிறிவால் உள்ளானை.

இந்தப் பக்கத்தில் அடைமொழி இல்லாமல் உள்ளான் என்று நான் எழுதினால், அது ஆக்டிடிஸ் ஹைப்போலியூகோஸ் என்ற அறிவியல் பெயர் கொண்ட ஒரே ஒரு பறவையைக் குறிக்கும். லின்னேயஸ் 1758-இலேயே விவரித்துவிட்ட பறவை இது. ஆக்டிடிஸ் என்றால் கிரேக்கத்தில் கரையில் வாழ்வது, ஹைப்போலியூகோஸ் என்றால் அடிப்பக்கம் வெளுத்தது. அடையாளக் குறிப்பில் பாதியைப் பெயரே சொல்லிவிடுகிறது.

தூரத்திலிருந்து பார்த்தே சொல்லிவிட முடியுமா?

முடியும். இறகு நிறத்தைப் பார்ப்பதற்கு முன் நடத்தையைப் பாருங்கள். நின்றாலும் நடந்தாலும் அதன் பின்பாதி மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வால் மட்டும் ஆடுவதில்லை, இடுப்புக்குப் பின்னால் உள்ள உடல் முழுவதும் ஆடும். கிணற்று ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அது நினைவுக்கு வரும். தலையும் கழுத்தும் முன்னே நீட்டியபடி இருக்க, பின்பக்கம் ஏறி இறங்கும்.

இரண்டாவது, பறக்கும் விதம். அருகே போனால் மூன்று நான்கு முறை மெல்லிய குரலில் "ட்வீ-வீ-வீ" என்று கத்திக்கொண்டு கிளம்பும். உயரே எழாது. நீர்மட்டத்தை ஒட்டியே போகும். இறக்கைகளை முழுதாக வீசாமல், விறைப்பாகக் கீழ்நோக்கி வளைத்து வைத்து, படபடவென்று சின்னச் சின்னதாக அடித்துவிட்டு ஒரு நொடி சறுக்கும். மறுபடி அடிக்கும், மறுபடி சறுக்கும். பிறகு கொஞ்சம் தள்ளி அதே கரையில் இறங்கி, இறங்கியதுமே ஆடத் தொடங்கும். நம் ஊர் நீர்நிலைகளில் வேறு எந்தப் பறவையும் இப்படிப் பறப்பதில்லை. இதை ஒருமுறை சரியாகப் பார்த்துவிட்டால் பிறகு தொலைநோக்கியே தேவைப்படாது.

கிட்டே பார்க்க வாய்த்தால்: மைனாவைவிடச் சற்றுச் சிறியது, ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். மேல்புறம் பச்சை கலந்த பழுப்பு, பளபளப்பு இல்லாதது. வயிறு தூய வெள்ளை. மார்பின் இருபுறமும் பழுப்புத் திட்டு. அந்தத் திட்டுக்கும் மூடிய இறக்கைக்கும் நடுவே வயிற்றின் வெள்ளை ஒரு ஆப்பு போலத் தோள்வரை ஏறியிருக்கும். கையில்லாத பனியனின் தோள்பட்டி மாதிரி என்று சொன்னால் எல்லாருக்கும் உடனே பிடிபடுகிறது. மங்கலான கைப்பேசிப் படத்திலும் இந்த வெள்ளை ஆப்பு தெரியும். நான் முதலில் தேடுவது அதைத்தான். கால்கள் மங்கிய சாம்பல்பச்சை, நேரான நடுத்தர நீள மூக்கு, கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். உட்கார்ந்திருக்கும்போது வால் நுனி இறக்கை நுனியைத் தாண்டி நீண்டிருக்கும்.

பொறி உள்ளானும் இப்படித்தானே இருக்கிறது? எப்படிப் பிரிப்பது?

இந்தக் கேள்விக்கு வெட்கத்தோடுதான் பதில் சொல்கிறேன். பறவை பார்க்கத் தொடங்கிய முதல் இரண்டு பருவத்தில் என் குறிப்பேட்டில் உள்ளான் என்று எழுதியவற்றில் பாதி பொறி உள்ளான்கள். நெல்வயலில் பார்த்தால் பொறி உள்ளான், கல்லில் பார்த்தால் உள்ளான் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருந்தேன். விதி பெரும்பாலும் சரிதான், ஆனால் பறவைகள் அதைப் படித்ததில்லை.

பிரிக்க வேண்டியவை மூன்று: உள்ளான், பொறி உள்ளான், பச்சை உள்ளான். மூன்றாவதைக் கருப்பு உள்ளான் என்றும் எழுதுகிறார்கள், எனக்கு அந்தப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் தூரத்தில் அது கறுப்பு வெள்ளையாகவே தெரியும். மூன்றும் கொஞ்சமாவது பின்பக்கத்தை ஆட்டும். ஆகவே ஆட்டத்தை மட்டும் நம்பி முடிவு கட்டக் கூடாது.

பறக்கும்போது முதுகைப் பாருங்கள். உள்ளானின் இடுப்பு முதுகைப் போலவே பழுப்பு, இறக்கையில் மட்டும் நீளவாக்கில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். மற்ற இரண்டுக்கும் இது தலைகீழ்: இறக்கையில் கோடு இருக்காது, ஆனால் வாலுக்கு மேலே இடுப்பு பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். கிளம்பிய அரை நொடியில் "வெள்ளை இடுப்பா, வெள்ளைக் கோடா" என்று கண் கேட்டுக்கொள்ளப் பழகினால் முக்கால் வேலை முடிந்தது.

அடுத்து, அந்த இரண்டையும் பிரிப்பது. பொறி உள்ளானின் முதுகில் பொரியை அள்ளித் தெளித்தது போல வெளிர்ப்புள்ளிகள். கண்ணுக்கு மேலுள்ள வெள்ளைப் புருவக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னாலும் நீளும். கால் மஞ்சள், கொஞ்சம் நீளம். பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் வெளிறியது. குரல் "சிஃப்-இஃப்-இஃப்" என்று உலர்ந்து ஒலிக்கும். பச்சை உள்ளானோ நன்றாகக் கறுத்த முதுகு, புருவக் கோடு கண்ணுக்கு முன்னால் மட்டும், இறக்கையின் அடிப்பக்கம் கறுப்பு. கிளம்பும்போது இசை கலந்த உரத்த குரலில் கத்தி நேராக மேலே எழும். தரையிலும் கல்லிலும் இரை தேடும் இந்தப் பறவை வடக்கே ஈரக் காடுகளில், மரத்தில், பாடும் பறவைகள் விட்டுச்சென்ற பழைய கூட்டில் முட்டையிடும் என்பதை முதலில் படித்தபோது நான் நம்பவில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, அறுவடையான வயல், சேறு, கோரைப்புல் நடுவே பலவாகப் பரவி மேய்ந்தால் பொறி உள்ளான் என்று எதிர்பார்க்கலாம். மரநிழல் விழும் சிறு வாய்க்கால், கிணற்றடிக் குட்டையில் தனியாக நின்றால் பச்சை உள்ளான். கல், படி, மதகு, படகு, சிமென்ட் சரிவு என்றால் பெரும்பாலும் உள்ளான். ஆனால் குறிப்பேட்டில் எழுதும்முன் இடுப்பைப் பாருங்கள்.

கூட்டமாக ஓடுகிற குட்டி குட்டிப் பறவைகளும் உள்ளானின் குஞ்சுகளா?

இல்லை. அவை கொசு உள்ளான்கள், சிட்டுக்குருவி அளவே இருக்கும் தனி இனம், கறுப்புக் கால். உப்பளங்களில் நூற்றுக்கணக்கில் சேர்ந்து மேயும். உள்ளானின் குஞ்சை நம் ஊரில் பார்க்கவே முடியாது, காரணம் கீழே.

வாலாட்டிக் குருவியும் வாலை ஆட்டுமே?

ஆட்டும். ஆனால் வாலாட்டிக்கு வால்தான் நீளம், ஆடுவதும் வால் மட்டும்தான். மூக்கு சின்னது, பூச்சி பிடிப்பதற்கானது. உள்ளானின் மூக்கு அதன் தலையளவு நீளம். இவை இரண்டும் ஒரே கல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அணைக்கட்டுகளில் அடிக்கடி பார்க்கலாம்.

அப்படி ஏன்தான் ஆட்டுகிறது?

குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி இது. பறவை ஆய்வாளர்களிடம் இன்னும் ஒரே முடிவான விடை கிடையாது. அலையும் ஒளியும் அசையும் நீரோரத்தில் அசைந்துகொண்டே இருந்தால் வல்லூறின் கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாது என்று சிலர் சொல்கிறார்கள். "உன்னைப் பார்த்துவிட்டேன், பிடிக்க வராதே" என்று எதிரிக்குச் சொல்லும் குறிப்பு என்பது இன்னொரு கருத்து. பதற்றமானால் ஆட்டம் வேகமாவதைக் கரையில் அரைமணி உட்கார்ந்தால் நீங்களே பார்க்கலாம், அதனால் எனக்கு இரண்டாவதன் மேல்தான் சாய்வு. நிலை தடுமாறாமல் இருக்கவே ஆட்டுகிறது என்ற விளக்கம் எனக்கு ஒப்பவில்லை. அதைவிட ஒல்லியான காலுள்ள பறவைகள் ஆடாமல் அதே கல்லில் நிற்கின்றன. இது கற்றுக்கொண்ட பழக்கமும் அல்ல. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் இதன் ஒரே நெருங்கிய உறவான புள்ளி மார்பு உள்ளானின் குஞ்சுகள், முட்டையிலிருந்து வந்த சற்று நேரத்திலேயே பின்பக்கத்தை ஆட்டத் தொடங்கிவிடுகின்றன.

எப்போது வரும், எப்போது போகும்?

வலசைப் பறவை என்றால் மார்கழிப் பனியோடு வருவது என்று ஒரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. உள்ளானுக்கு அது பொருந்தாது. ஜூலை கடைசியிலேயே முதல் பறவைகள் தமிழகத்தை எட்டிவிடும். ஆடிக் காற்று இன்னும் அடங்கியிருக்காது, பல ஏரிகளில் தண்ணீரே இருக்காது, இது மட்டும் வந்து நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் எண்ணிக்கை கூடும். சித்திரை வரை இருந்துவிட்டு, ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துக்குள் கிளம்பிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் நம்மிடம்தான் இருக்கிறது. குஞ்சு பொரிக்க மட்டும் வடக்கே போய்வருகிறது. இதை விருந்தாளி என்று எழுதும்போதெல்லாம் எனக்கு உறுத்தும்.

முதலில் வருபவை வளர்ந்த பறவைகள். அந்த வருடம் பிறந்தவை பெற்றோர் துணையின்றிப் பின்னால் தனியே வரும். செப்டம்பரில் இறக்கை இறகுகளின் ஓரத்தில் வெளிர்மஞ்சள் கீற்றுகளோடு, புதுத் துணி போட்டதுபோல ஒழுங்காக இருப்பது அந்த இளம் பறவை. அது வாழ்க்கையில் முதல் முறையாக நம் ஊரைப் பார்க்கிறது.

எங்கிருந்து வருகிறது?

அயர்லாந்து தொடங்கி ஜப்பான் வரை ஐரோப்பா, ஆசியாவின் ஆற்றங்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் உள்ளான் குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா எனப் பிரிந்து இறங்குகிறது. ஸ்காட்லாந்தில் சிறு கருவி பொருத்திப் பின்தொடர்ந்த பறவைகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் போய்ச் சேர்ந்தன. நம் நிலப்பகுதி மத்திய ஆசிய வலசைப் பாதையில் இருக்கிறது. வட துருவக் கடலிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை நீளும் அந்தப் பாதை ஏறத்தாழ 30 நாடுகளைத் தொடுகிறது.

பலருக்குத் தெரியாதது, இந்தியாவுக்குள்ளேயே இதற்குப் பிறந்த வீடு உண்டு என்பது: லடாக், காஷ்மீர், கார்வால் பகுதிகளில் மலை ஆறுகளின் கூழாங்கல் கரைகளில் இது கூடு கட்டுகிறது. லடாக்கிற்குச் சுற்றுலா போகிறவர்கள் ஜூன் மாதத்தில் ஆற்றோரத்தில் சற்று உட்கார்ந்தால் பழகிய அதே ஆட்டத்தைப் பார்க்கலாம்.

பயணம் பெரும்பாலும் இரவில். கிளம்பும் முன் நன்றாகத் தின்று உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும், அதுதான் எரிபொருள். சாதாரணமாக 50 கிராம் சுற்றி எடையுள்ள உயிர் இமயத்தைத் தாண்டுகிறது என்று சொன்னால் கேட்பவர்கள் கையை நீட்டி எடை போட்டுப் பார்க்கிறார்கள்.

நிற்காமல் 13,000 கிலோமீட்டர் பறந்தது இதுதானா?

அல்ல. அது பட்டைவால் மூக்கன், இதன் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய பறவை. 2022 அக்டோபரில் ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் தூரத்தைத் தரையிறங்காமல் கடந்தது. உள்ளான் இந்த மாதிரிச் சாதனைக்காரர் அல்ல. வழியில் தண்ணீர் கண்ட இடத்தில் இறங்கித் தின்று இளைப்பாறிப் போகும்.

எங்கள் ஏரிக்கரையில் மே மாதம் தரையில் முட்டைகள் கிடந்தன. உள்ளானுடையதா?

உள்ளான் தமிழகத்திலோ இலங்கையிலோ முட்டையிடுவதில்லை. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் ஆள்காட்டியின் முட்டை. நெடுங்கால் உள்ளானும் பட்டாணி உப்புக்கொத்தியும்கூட நம் ஊரில் தரையில் முட்டையிடும். தாய்ப்பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால் உடனே விலகிப் போய்விடுங்கள். நீங்கள் படம் எடுக்கும் அந்தப் பத்து நிமிட வெயில் முட்டைக்குள் இருக்கும் உயிரைக் கொன்றுவிடக் கூடும்.

வடக்கே உள்ளான் செய்வதும் ஏறக்குறைய இதே போலத்தான்: கரையோரப் புல் மறைவில் சிறு குழி, பெரும்பாலும் நான்கு முட்டை, மூன்று வாரம் அடைகாப்பு. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்த அன்றே எழுந்து நடந்து தாமே இரை தேடும், நான்கு வாரத்தில் பறக்கும். பெண் பறவை பெரும்பாலும் முன்னதாகவே கிளம்பிவிடும், மிச்சப் பொறுப்பு அப்பாவுக்கு.

ஏன் எப்போதும் தனியாகவே இருக்கிறது?

பகலில் அதற்குத் துணை பிடிக்காது. கரையில் இத்தனை தூரம் என்னுடையது என்று எல்லை வைத்துக்கொள்ளும். இன்னொரு உள்ளான் அதற்குள் வந்தால் இறக்கையைத் தூக்கிக் காட்டி, கத்தி, விரட்டும். பெரிய ஏரியைச் சுற்றி நடந்தால் ஐந்தாறு பறவைகள் தெருவிளக்குக் கம்பம் மாதிரி இடைவெளி விட்டு நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஆனால் பொழுது சாய்ந்ததும் கதை மாறும். எல்லைச் சண்டை போட்டவையெல்லாம் அலையாத்தி மரக்கிளையிலோ, கட்டியிருக்கும் படகிலோ, பாறையிலோ ஒன்றாகச் சேர்ந்து அடையும். பழவேற்காட்டிலோ பிச்சாவரத்திலோ இருட்டும் நேரத்தில் படகில் இருந்தால் "ட்வீ-வீ-வீ" குரல்கள் நாலாபுறமிருந்தும் ஒரே திசை நோக்கி வருவதைக் கேளுங்கள்.

சாக்கடை ஓரம் என்ன தின்கிறது?

ஈ, வண்டு, புழு, சிலந்தி, சிறு நண்டு, இறால் குஞ்சு, சில நேரம் தலைப்பிரட்டை. சேற்றுக்குள் மூக்கை விட்டுத் துழாவும் உறவினர்களைப் போலல்லாமல், இது கண்ணால் பார்த்துப் பிடிக்கும். தலையைத் தாழ்த்தி, பூனை போலப் பதுங்கி நான்கு அடி நடந்து, சட்டென்று கொத்தும். அந்த நான்கு அடியும் ஆட்டம் நின்றுபோவதைக் கவனியுங்கள்.

கழிவுநீர் ஓரத்தில் ஈக்கள் மிகுதி, ஆகவே அங்கே நிற்கிறது. இதை வைத்து அந்தத் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று யாரும் சான்றிதழ் கொடுத்துவிட வேண்டாம்.

ஒற்றைக் காலில் நொண்டி நொண்டிப் போகிறது. அடிபட்டதா?

பெரும்பாலும் இல்லை. கரைப்பறவைகள் ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும், சோம்பேறித்தனமாக அப்படியே தத்தித் தத்தி இடமும் மாறும். பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள், இன்னொரு கால் வெளியே வரும். கால் வெளியே தொங்கினாலோ, தூண்டில் நரம்பு சுற்றியிருந்தாலோ, கிட்டே போயும் பறக்காமல் இருந்தாலோதான் கவலைப்பட வேண்டும். அப்போது ஒரு துணியைப் போட்டு மெல்லப் பிடித்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

பருந்து துரத்தியபோது தண்ணீருக்குள் மூழ்கியதைப் பார்த்தேன் என்றால் யாரும் நம்பவில்லை.

நான் நம்புகிறேன். உயிருக்கு ஆபத்து என்றால் உள்ளான் நீருக்குள் பாயும், இறக்கையால் துழாவி நீந்தி வேறிடத்தில் மேலே வரும். வல்லூறிடமிருந்து இப்படித் தப்பியதைப் பல நாடுகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பொறாமையாக இருக்கிறது. நான் இன்னும் பார்த்ததில்லை.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

எங்கேயும் போக வேண்டாம் என்பதுதான் இந்தப் பறவையின் சிறப்பு. வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீரும் ஒரு கரையும் இருந்தால் போதும். அடையாறு முகத்துவாரம், பள்ளிக்கரணை, கோவைக் குளங்கள், வைகையின் தேங்கிய குட்டைகள், தூத்துக்குடி உப்பளப் பாத்திகள், யாழ்ப்பாணக் கடல்நீரேரியின் பாலத்தடி, மன்னார்த் தீவு என எல்லா இடத்திலும் இருக்கும்.

ஒப்பிட்டுக் கற்க வேண்டும் என்றால் கோடியக்கரைக்குப் போங்கள். 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, கோட்டான் (ஆந்தை அல்ல, வளைந்த நீள மூக்குள்ள கரைப்பறவை), மூக்கன் எல்லாம் ஒரே சேற்றில் நிற்கும். ஆனால் முதல் நாளே அங்கே போகாதீர்கள் என்பது என் கட்சி. ஆயிரம் பழுப்புப் பறவைகளைப் பார்த்ததும் தலை சுற்றி, இந்தப் பொழுதுபோக்கையே விட்டவர்களை எனக்குத் தெரியும். உங்கள் தெருக்கோடிக் குளத்தில் நிற்கும் ஒற்றை உள்ளானை ஒரு பருவம் முழுக்கப் பாருங்கள். அதன் அளவு, மூக்கு, நடை கண்ணில் ஊறிவிட்டால், மற்ற ஒவ்வொன்றையும் "உள்ளானைவிடப் பெரியது, உள்ளானைவிடக் கால் நீளம்" என்று அதை வைத்தே அளக்கலாம். தொலைநோக்கி வாங்குவதானால் 8-க்கு 42 (எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்) போதும்.

உள்ளான் கறி விற்கிறார்களே, வாங்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் விற்பதும் குற்றம். அந்தப் பெயரில் விற்கப்படுவது பல நேரம் வேறு ஏதாவது கரைப்பறவையாகத்தான் இருக்கும், அதுவும் குற்றமே.

ஏரிக்கரையைச் சிமென்ட் போட்டு நடைபாதை கட்டிவிட்டார்கள். இனி வருமா?

உள்ளான் வரும். அது கல்லிலும் சிமென்ட் சரிவிலும் சமாளிக்கும். அதைக் காட்டி "பாருங்கள், பறவை வருகிறதே" என்று சொல்வார்கள், அதற்குத்தான் இந்தப் பதில். முழங்கால் ஆழமில்லாத சேற்று விளிம்பு போய்விட்டால் பொறி உள்ளான் வராது, கொசு உள்ளான் வராது, உப்புக்கொத்தி வராது. நேர்ச்சுவராகக் கட்டி, ஏரியைத் தொட்டி மாதிரி ஆக்கினால் உள்ளானுக்கும் இடமில்லை. கரையைப் பலப்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்கு பக்கத்தில் ஒரு பக்கத்தையாவது மண்ணாக, சரிவாக, புல்லோடு விட்டுவைக்கக் கேளுங்கள்.

உலக அளவில் இது அழியும் நிலையில் உள்ள பறவை இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் கவலை குறைந்த பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை குறைந்து வருகிறது என்றும் அதே பட்டியல் சொல்கிறது.

காலில் வளையம் போட்ட பறவையைப் பார்த்தால்?

படம் எடுங்கள், எழுத்தும் எண்ணும் தெரியும்படி. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலியின் முயற்சியால் 1959 முதல் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. கோடியக்கரை அதன் முக்கிய மையங்களில் ஒன்று. வளையத்திலேயே அந்தக் கழகத்துக்குத் தெரிவிக்கும்படி எழுதியிருக்கும். பறவையைத் துரத்திப் பிடிக்க வேண்டாம், எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

வளையம் இல்லாத பறவையைப் பார்த்தாலும், பார்த்த பறவைகளை யாரும் பதியக்கூடிய இ-பேர்டு (eBird) இணையதளத்தில் பதியலாம். வருடாவருடம் பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே போதும். உள்ளான் ஒன்று என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அரிய பறவைக்காக ஓடுகிறவர்கள் எழுதாமல் விடுவது இதைத்தான்.

ஒவ்வொரு வருடமும் வருவது அதே பறவைதானா?

இருக்கலாம். உள்ளான்கள் முட்டையிடும் இடத்துக்கும் குளிர்காலத்தைக் கழிக்கும் இடத்துக்கும் திரும்பத் திரும்ப வருவதை வளையமிட்ட பறவைகள் காட்டியிருக்கின்றன. பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவையும் உண்டு.

எங்கள் ஊர்க் குளத்தின் தெற்குப் படித்துறையில், உடைந்த மூன்றாம் படிக்குப் பக்கத்தில் ஆகஸ்ட் முதல் வாரம் ஒன்று வந்துவிடும். துணி துவைக்க வரும் அக்கா ஒருவர் அதை "ஆட்டக்காரி" என்பார். அவர் வாளியை வைத்தால் இரண்டு படி தள்ளிப் போகும், பறக்காது. நான் கேமராவோடு போனால் குளத்தின் மறுகரைக்கே போய்விடும். காலில் வளையம் கிடையாது, ஆகவே அதே பறவைதான் என்று நான் எழுத முடியாது. அக்காவுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "என்னைத் தெரியுது, உன்னைத் தெரியலை, அவ்வளவுதான்" என்றார் போன வருடம்.